பாதியில் நின்ற பாட்டை யார் முடிப்பது?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்க ராப் பாடகர் மேக் மில்லர் இறந்த பிறகு வெளியான 'சர்க்கிள்ஸ்' ஆல்பத்தைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். ராஜா பெரியவரா ரஹ்மான் பெரியவரா என்று எழுதினால்கூட இத்தனை கடிதம் வராது. அதனால் இந்த இதழ் முழுக்க அந்தப் பேச்சுதான். ராகம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சார், யார் இந்த மேக் மில்லர்? என் மகளின் அறைச் சுவரில் அவர் படம் ஒட்டியிருக்கிறது. கேட்டால், "உனக்குப் புரியாதுப்பா" என்கிறாள்.
(மதுரை வாசகர்)

புரியாத அளவுக்கு ஒன்றுமில்லை. இயற்பெயர் மால்கம் ஜேம்ஸ் மெக்கார்மிக். 1992 ஜனவரி 19-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் பிறந்தவர். அந்த ஊர் ஃப்ரிக் பார்க்கில் நீலச் சறுக்குமரம் வைத்த விளையாட்டு மைதானம் ஒன்று உண்டு. அதன் பெயரையே வைத்து 2011-ல் 'ப்ளூ ஸ்லைட் பார்க்' என்று முதல் ஆல்பத்தை விட்டார். பெரிய கம்பெனி பின்னால் இல்லை, உள்ளூர்க் கம்பெனிதான். அமெரிக்க ஆல்பங்களின் விற்பனை வரிசையான பில்போர்டு 200 பட்டியலில் நேராக முதலிடம். அதே ஆல்பத்துக்கு 'பிட்ச்ஃபோர்க்' என்ற இசை விமர்சன இதழ் பத்துக்கு ஒரே ஒரு மதிப்பெண் கொடுத்தது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் கிடைத்தால் என்ன ஆகும்? மேக் கொண்டாட்டப் பாட்டை விட்டுவிட்டு, போதையையும் மனச்சோர்வையும் பாட ஆரம்பித்தார். பியானோவும் கிட்டாரும் தானே வாசிப்பார். ராப் மெல்ல மெல்லப் பாட்டாக மாறியது.

2018 ஆகஸ்ட் 3-ல் 'ஸ்விம்மிங்' வந்தது. செப்டம்பர் 7-ல் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 26. ஃபென்டனில் என்ற கடுமையான வலிமருந்து, கொகெய்ன், மது மூன்றும் உடம்பில் சேர்ந்ததால் ஏற்பட்ட விபத்து மரணம் என்றது பிரேதப் பரிசோதனை. போலி மாத்திரையில் ஃபென்டனில் கலந்திருந்தது. அது கைமாறி வந்த சங்கிலியில் இருந்தவர்கள் பிறகு சிறைக்குப் போனார்கள்.

இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால், அமெரிக்க வானொலியான என்.பி.ஆரின் 'டைனி டெஸ்க்' நிகழ்ச்சியில் அவர் பாடிய காணொளி யூடியூபில் இருக்கிறது. பக்கத்தில் தண்டர்கேட் பேஸ் கிட்டார் வாசிப்பார். மகளோடு உட்கார்ந்து பாருங்கள். அவள் சுவரில் ஏன் ஒட்டினாள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செத்தவர் பாதியில் விட்டதை எடுத்து விற்பது, பிணத்தின் வாயிலிருந்து வாய்க்கரிசியைப் பொறுக்குவது போலத்தானே? இதை நீங்கள் பாராட்டலாமா?
(கோவையிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி)

வங்கியில் இருந்தவரிடம் கணக்கோடுதான் பேச வேண்டும். 'சர்க்கிள்ஸ்' 2020 ஜனவரி 17-ல் வந்தது. முதல் வாரம் அமெரிக்காவில் 1,64,000 பிரதிகளுக்குச் சமமான விற்பனை. இணையத்தில் கேட்பவர்களையும் பிரதிக் கணக்காக மாற்றிச் சேர்க்கிறார்கள், அதனால்தான் 'சமமான'. பட்டியலில் மூன்றாம் இடம். அதே நாளில் முன்னறிவிப்பே இல்லாமல் ஆல்பம் இறக்கிய எமினெம் முதலிடம், ஹால்சி இரண்டாமிடம். ஆக, பணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வார்னர் கம்பெனி தர்மத்துக்கு ஆல்பம் போடவில்லை.

ஆனால் வெளியிட்ட விதத்தைப் பாருங்கள். ஜனவரி 8-ல் மேக்கின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே குடும்பத்தார் ஒரு குறிப்பு போட்டார்கள். இறந்தபோது அவர் 'ஸ்விம்மிங்' ஆல்பத்துக்குத் துணையாக இன்னொன்றை வெகுதூரம் செய்து வந்திருந்தார், இசைத் தயாரிப்பாளர் ஜான் பிரையன் கூடவே இருந்தார், மேக்கோடு பேசியதையும் பழகியதையும் வைத்து அவரே முடித்துக் கொடுத்தார் என்று அதில் இருந்தது. இதற்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது, உலகம் இதைக் கேட்க வேண்டும் என்று மால்கம் நினைத்தது மட்டும் எங்களுக்குத் தெரியும் என்றும் எழுதியிருந்தார்கள். குறிப்பு வந்து ஒன்பதாம் நாள் ஆல்பம். நடுவில் 'குட் நியூஸ்' என்று ஒரே ஒரு பாட்டு. லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், பிட்ஸ்பர்க் மூன்று ஊரிலும் ரசிகர்கள் ஒரு கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்து கேட்க இடம் பிடித்துக் கொடுத்தார்கள். ஆரவாரம் அவ்வளவுதான்.

விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். பாராட்டிலும் ஒரு தயக்கம் இருந்தது. இறந்தவன் குரலில் "நல்ல சேதி" என்று ஒரு பாட்டு வரும்போது, பாட்டை எடைபோடுகிறோமா, துக்கம் விசாரிக்கிறோமா என்ற குழப்பம் யாருக்கும் வரும். 'ஸ்விம்மிங்' கிராமிக்குப் பரிந்துரையான 2019 விழாவில் அம்மாவும் அப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார்கள், விருது ராப் பாடகி கார்டி பிக்குப் போனது. அந்த முகங்களைப் பார்த்தவர்கள் 'சர்க்கிள்ஸ்' வந்தபோது கத்தியைக் கூர்தீட்டுவார்களா என்ன?

எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு. இறந்தவர் ஆல்பம் கையில் வந்தால் முதலில் விருந்தாளிகளின் பெயர்களை எண்ணுவேன். பாதிப் பாட்டு ஒரு நிமிடம்தான் இருக்கும். மீதியை நிரப்ப ஆள் வேண்டும், வருகிறவருடைய ரசிகர்களும் சேர்ந்து கேட்பார்கள், கம்பெனிக்கு இரட்டை லாபம். 'சர்க்கிள்ஸ்' ஆல்பத்தில் 12 பாட்டு. பெயர் போட்ட விருந்தாளி ஒரே ஒருவர், மெல்போர்னைச் சேர்ந்த பாரோ சுரா. வாய்க்கரிசியைப் பொறுக்க வந்த கூட்டம் அங்கே இல்லை ஐயா.

அண்ணா, நான் வீட்டிலேயே லேப்டாப்பில் பீட் (ராப்புக்கான தாளப் பின்னணி) போடுகிறேன். பாதிப் பாட்டை எப்படி முழுப் பாட்டாக்குவார்கள்? அந்த வேலையைக் கொஞ்சம் விளக்க முடியுமா?
(திருநெல்வேலி இளைஞர்)

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. வடபழனியில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் உதவியாளனாக டேப் மாட்டிக்கொண்டிருந்தவன் நான். இரண்டங்குல டேப் விலை அதிகம். வேண்டாத டேக்கின் மேலேயே அடுத்த டேக் ஏறிவிடும். யாரும் எதையும் மிச்சம் வைக்க முடியாது. இப்போது ஹார்டு டிஸ்க்கில் எல்லாம் தங்குகிறது, இருமல் உட்பட. ஒரு ராப்பர் இரவுக்கு மூன்று பாட்டு வாய்க்கு வந்தபடி பாடி வைத்தால் நான்கைந்து வருடத்தில் ஒரு குவியல் சேர்ந்துவிடும். இறந்தவர்களின் ஆல்பம் இத்தனை வருவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பெட்டிதான்.

அதில் என்னவெல்லாம் இருக்கும்? சில முழுப் பாட்டு, மிக்ஸ் மட்டும் பாக்கி. சிலவற்றில் ஒரு சரணமும் பல்லவியும். சிலவற்றில் வார்த்தையே இல்லாமல் மெட்டை முனகி வைத்திருப்பார்கள். ஒரு பல்லவியை வெட்டி இரண்டு இடத்தில் ஒட்டலாம், அது யாருக்கும் தெரியாது. சரணத்தை இரண்டாகப் பிளந்து நடுவில் வாத்தியம் போடலாம். ஆபத்து பீட்டை மாற்றும்போதுதான். ராப் பாடுகிறவன் எந்தத் தாளத்தின் மேல் பாடினானோ அந்தத் தாளத்தில்தான் அவன் அழுத்தம் விழும், அவன் மூச்சு வாங்கும். குரலை மட்டும் பிய்த்து வேறு பீட்டின் மேல் வைத்தால், கணக்கு சரியாக இருக்கும், பாட்டு இருக்காது. அப்புறம் அந்த மூச்சு. வரிக்கு நடுவே வரும் மூச்சைச் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துவிடுவார்கள். கேட்டுப் பாருங்கள், அடுத்த வரி ஆளில்லாத இடத்திலிருந்து வரும்.

கோடம்பாக்கத்தில் ட்ராக் பாடுவது என்று ஒரு வழக்கம் உண்டல்லவா? பெரிய பாடகர் வரும்வரை இன்னொருவர் பாடி வைப்பார். முழுத் தொண்டையைத் திறக்க மாட்டார், தாளைப் பார்த்துக்கொண்டே பாடுவார். ராப்பர்கள் தங்களுக்குத் தாங்களே ட்ராக் பாடி வைக்கிறார்கள். பிறகு வந்து ஒழுங்காகப் பாட வேண்டியவர் வரவில்லை என்றால் அந்த ட்ராக்கே பாட்டு.

பிரையன் விஷயத்தில் நடந்தது வேறு. அவர் சினிமாவுக்கு இசையமைப்பவர், கான்யே வெஸ்ட்டின் 2005 ஆல்பத்தில் கூட்டுத் தயாரிப்பாளர், பல வாத்தியம் கைவசம். மேக் உயிரோடு இருந்தபோதே 'ஸ்விம்மிங்' ஆல்பத்திலும் வேலை பார்த்தவர். மூன்று ஆல்பமாக மேக் யோசித்து வைத்திருந்தார் என்று பிரையன் பேட்டியில் சொன்னார். முதலாவது ராப்பும் பாட்டும் கலந்தது, அதுதான் 'ஸ்விம்மிங்'. இரண்டாவது பாட்டு மட்டும். அதன் பெயர் 'சர்க்கிள்ஸ்' என்பதும் அப்போதே முடிவாகியிருந்தது. மூன்றாவது சுத்த ஹிப்-ஹாப். ஆக, பிரையன் கையில் இருந்தது ஒரு வரைபடம். என்ன கட்ட வேண்டும் என்று தெரிந்தவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரியும். கடைசிப் பாட்டு 'ஒன்ஸ் எ டே' கேளுங்கள். ஒரு கீபோர்டு, ஒரு குரல், ஏறக்குறைய அவ்வளவுதான். இன்னொருவராக இருந்தால் அங்கே வயலின் கூட்டத்தையே இறக்கியிருப்பார்.

அமெரிக்க ராப்பர் டூபாக் இறந்த பிறகு வந்த ஆல்பங்கள் உயிரோடு இருந்தபோது வந்ததைவிட அதிகம் என்கிறார்களே?
(சேலம் வாசகர்)

ஆமாம். 1996 செப்டம்பர் 7-ல் லாஸ் வேகாஸில் சுட்டார்கள், 13-ல் இறந்தார். (அதே செப்டம்பர் 7-ல்தான் மேக்கும் போனார்.) நவம்பரில் மகவேலி என்ற பெயரில் ஆல்பம் வந்துவிட்டது. அது அவரே முடித்து வைத்தது, நல்லதும்கூட. அப்புறம் பத்து வருடம் வந்துகொண்டே இருந்தது. 2004-ல் வந்த ஒன்றுக்கு எமினெம் தயாரிப்பு. பழைய குரலின் வேகத்தையும் சுருதியையும் தன் பீட்டுக்கு ஏற்ப மாற்றினார். அதோடு விடவில்லை. வேறு வேறு பாட்டிலிருந்து சொற்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, டூபாக் இறந்த பிறகு பிரபலமானவர்களின் பெயர்களை டூபாக் வாயாலேயே சொல்ல வைத்தார். அன்பில் செய்ததுதான், சந்தேகமில்லை. அன்பும் கத்தரிக்கோலும் ஒரே கையில் இருந்தால் இப்படித்தான்.

அதே காலத்து ராப்பர் பிக்கி விஷயம் தனி. 1997 மார்ச் 9-ல் அவரைச் சுட்டார்கள், மார்ச் 25-ல் ஆல்பம். பெயர் 'லைஃப் ஆஃப்டர் டெத்'. இறந்ததால் வைத்த பெயர் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். முன்பே வைத்தது அது.

பாப் ஸ்மோக்கின் ஆல்பத்தில் பாதிக்குப் பாதி விருந்தாளிகள்தான். உங்கள் கணக்குப்படி அது மோசமா? சொல்லிப் பாருங்கள், சந்தா நிறுத்திவிடுவேன்.
(பெங்களூரில் வேலை பார்க்கும் வாசகர்)

சந்தா முக்கியம் தம்பி. ராப்பர் பாப் ஸ்மோக் நியூயார்க்கின் ப்ரூக்ளின் பையன், 2020 பிப்ரவரி 19-ல் கொலையானபோது வயது இருபதுதான். அதே வருடம் ஜூலை 3-ல் ஆல்பம் வந்தது. பொறுப்பை ஏற்றவர் மூத்த ராப்பர் 50 சென்ட். இந்தப் பையன் யாரைக் கேட்டு வளர்ந்தானோ, அவர். முதல் வாரம் 2,51,000 பிரதிகளுக்குச் சமமான விற்பனை, முதலிடம். ஆடை வடிவமைப்பாளர் வெர்ஜில் அப்லோ போட்ட அட்டைப்படத்தைப் பார்த்து ரசிகர்கள் கொதித்து, மனு போட்டு, வெளியீட்டுக்கு முன்பே மாற்ற வைத்தார்கள். இதைத்தான் நான் வரவேற்பு என்பேன். இறந்தவன் சார்பில் "இது வேண்டாம்" என்று சொல்ல ஆள் இருந்தது.

விருந்தாளி அதிகம்தான். ஆனால் அவரே அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தார், தெருவைத் தாண்டி எல்லோரும் பாடும் பாட்டு வேண்டும் என்று. அதனால் ஒட்டு தெரியவில்லை. அடுத்த வருடம் வந்த 'ஃபெய்த்' கேட்டீர்களா? கான்யே வெஸ்ட், புஷா டி, துவா லிபா, கிட் கடி என்று வரிசை நீண்டது. பாட்டுக்குச் சொந்தக்காரரைத் தேட வேண்டியிருந்தது. அதுவும் முதலிடம் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தா தொடரும்தானே?

நம் நாட்டில் இப்படி நடந்திருக்கிறதா?
(வேலூர் வாசகி)

பஞ்சாபி ராப் பாடகர் சித்து மூஸேவாலா. 2022 மே 29-ல் பஞ்சாபின் மான்சா மாவட்டத்தில் சுட்டுக் கொன்றார்கள். ஜூன் 23-ல் பஞ்சாப்–ஹரியானா தண்ணீர்த் தகராறான சட்லஜ்–யமுனை கால்வாய் பற்றிய 'எஸ்.ஒய்.எல்.' பாட்டு வந்தது. இரண்டு மூன்று நாளில் இந்திய யூடியூபில் அதைக் காணோம், அரசு புகார் கொடுத்து எடுக்க வைத்தது. உயிரோடு இல்லாதவர் பாட்டுக்கும் தடை வரும் நாடு நம்முடையது. அதன் பிறகும் அவ்வப்போது அவர் பாட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மேக்கின் குடும்பம் அவ்வளவு அடக்கமாக நடந்துகொண்டது என்கிறீர்கள். அப்படியானால் ஐந்து வருடம் கழித்து இன்னொரு ஆல்பம் ஏன்?
(திருச்சி, பெயர் வேண்டாம் என்றவர்)

நியாயமான கிடுக்கிப்பிடி. 'பலூனரிசம்' 2025 ஜனவரி 17-ல் வந்தது, 'சர்க்கிள்ஸ்' வந்த அதே தேதி. பதிவானது 2014 வாக்கில். இது முடியாமல் கிடந்தது அல்ல, அவர் முடித்துவிட்டு வெளியிடாமல் வைத்தது. கள்ளப் பிரதிகள் பல வருடமாக இணையத்தில் சுற்றின, ரசிகர்கள் ஆளுக்கொரு வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எப்படியும் வெளியே வந்துவிட்டது, இதை வெளியிட வேண்டும் என்று மேக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், அதனால் முறையான பிரதி ஒன்று இருக்கட்டும் என்றது குடும்பம். நான் அதை ஏற்கிறேன், கொஞ்சம் மனத்தாங்கலோடு. ஒரு மனிதர் நான்கு வருடம் பெட்டியில் வைத்திருந்தார் என்றால் அதுவும் ஒரு முடிவுதானே?

ஆனால் அதில் ஒரு பாட்டில் டேனியல் ஜான்ஸ்டனின் ஆர்கன் ஒலிக்கிறது. மனநோயோடு போராடிக்கொண்டே வீட்டில் கேசட்டில் பாடிப் பதிவுசெய்த பாடகர் ஜான்ஸ்டன். அவரைப் பற்றிய குறும்படத்துக்கு மேக் பணம் போட்டு உதவினார். அந்த ஆர்கன் மேல் பாடகி சிஸா (SZA) பாடுகிறார். இது பெட்டியிலேயே கிடந்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எந்த ராப்பராவது "என் பாட்டை விடாதீர்கள்" என்று எழுதி வைத்ததுண்டா?
(ஈரோடு வாசகர்)

எழுதி வைத்தது மட்டுமல்ல, பச்சை குத்தியே வைத்திருக்கிறார் ஒருவர். ஆண்டர்சன் பாக். தான் போன பிறகு தன் பெயரில் ஆல்பமோ பாட்டோ வெளியிட வேண்டாம், அவையெல்லாம் வெறும் டெமோ, ஊருக்குக் கேட்பதற்காக வைத்ததல்ல என்ற பொருளில் முன்னங்கையில் குத்தி 2021-ல் படம் போட்டார். மேக்கோடு சேர்ந்து பாடியவர், நண்பர். கையில் குத்தினால் கோர்ட்டில் செல்லுமா என்பதை வக்கீல் வாசகர் யாராவது எழுதுங்கள்.

இனிமேல் பாதிப் பாட்டுகூட வேண்டாம், ஏ.ஐ. குரலே போதும் அல்லவா?
(சென்னை வாசகர்)

நம் ஊரில் நடந்துவிட்டதே. 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஐ. வைத்துப் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். முறையாகத்தான் செய்தார். ஆனால் ஷாகுல் ஹமீது தொண்ணூறுகளிலேயே போய்விட்டவர், அந்த மெட்டை அவர் கேட்டதே இல்லை. மேக் 'சர்க்கிள்ஸ்' ஆல்பத்துக்குத் தானே மைக் முன் நின்று பாடினார். ஆர்தர் லீயின் பழைய பாட்டு ஒன்றை அதில் சேர்த்திருக்கிறார்கள், எல்லோரும் வாழத்தான் வேண்டும், எல்லோரும் சாகத்தான் போகிறோம் என்கிற மாதிரியான பாட்டு. அதை அவர் பாடிவிட்டுத்தான் போனார். என் கோடு அங்கே இருக்கிறது. நீங்கள் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு வயது 67. ராப் என்றாலே காதைப் பொத்திக்கொள்வேன். இதை நான் கேட்க முடியுமா, எதிலிருந்து தொடங்குவது?
(கும்பகோணம் வாசகர்)

தாராளமாக. 'சர்க்கிள்ஸ்' ஆல்பத்தில் ராப் குறைவு, பாட்டுதான் அதிகம். 'குட் நியூஸ்' கிட்டார் மீட்டலோடு மெதுவாகப் போகும், அதில் தொடங்குங்கள். பிடித்தால் முதல் பாட்டிலிருந்து வரிசையாக. மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் முழுவதும் போய்விடும். காலை நடைக்குப் போகும்போது இயர்போனில் கேட்கலாம். மூன்றாவது பாட்டு 'ப்ளூ வேர்ல்ட்' வரும்போது கால் தானாக வேகம் எடுக்கும், மகாமகக் குளத்துப் படிக்கட்டில் மட்டும் அந்த நேரத்தில் இறங்க வேண்டாம்.